புழுங்கல் சோறு, கீரை, பாகற்காய்

ஆவுடையார்கோயிலில் சுவாமிக்குப் புழுங்கல் அரிசிச் சோறு படைக்கிறார்கள். தொட்டுக்கொள்ளக் கீரையும் பாகற்காயும். சிவன் கோயில்களில் பச்சரிசிச் சோறுதான் வழக்கம். இங்கே உழவர் வீட்டுச் சாப்பாடு கருவறை முன் வருகிறது. வடித்த சோற்றைச் சூடு தணியாமல் கொண்டுவந்து, கருவறைக்கு எதிரே உள்ள படைகல்லின் மேல் பரப்புகிறார்கள். அதிலிருந்து எழும் ஆவியே ஆத்மநாதருக்கு நைவேத்தியம். உள்ளே லிங்கம் கிடையாது, ஆவுடை மட்டும்தான். உருவம் இல்லாத சாமி ஆவியைத்தானே உண்பார் என்று பக்கத்தில் நின்ற ஓர் அம்மா தன் பேத்திக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

மாணிக்கவாசகர் குருவைக் கண்ட திருப்பெருந்துறை இதுதான். கொடுங்கைகளின் கல்வேலைப்பாட்டைப் பார்க்கவே பலர் வருகிறார்கள்; அதைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். என் மனம் படைகல்லை விட்டு நகரவில்லை. ஊர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் கிழ வாத்தியாராகச் சிவன் இங்கே வந்து தங்கினார், வீட்டுக்கு வீடு முறைவைத்துச் சோறு போட்டார்கள், அவர்கள் போட்டது புழுங்கல் சோறும் கீரையும் பாகற்காயும் என்று ஒரு கதை சொல்கிறார்கள். விருந்தாளிக்கென்று தனியாக எதையும் தேடாமல், அன்று அடுப்பில் இருந்ததையே இலையில் இட்ட வீடுகள் அவை. அப்படிப்பட்ட வீடுகள் புதுக்கோட்டை மாவட்டத்தில் இன்றும் இருக்கின்றன. ஐப்பசி மழை இறங்கியதும் கீரை எங்கே முளைக்கிறது, பாகல் எந்த வேலியில் காய்க்கிறது, அவை எந்தச் சட்டியில் எப்படி வேகின்றன என்று பார்ப்பதற்காகவே இந்தப் பக்கம் வந்தேன்.

முதலில் அந்தச் சோற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்து, பிறகு குத்துவதுதான் புழுங்கல். அவிக்கும்போது தவிட்டில் இருக்கும் பி1 வைட்டமினில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பச்சரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டும்போது அது தவிட்டோடு போய்விடும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் பெரிபெரி நோய் சுரங்கத் தொழிலாளர்களைக் கொத்துக் கொத்தாகச் சாய்த்தபோது, தோட்டங்களில் வேலை செய்த தமிழர்களை அது பெரும்பாலும் தொடவில்லை. மருத்துவர்கள் காரணம் தேடினார்கள். சுரங்கங்களில் இருந்த சீனத் தொழிலாளர்கள் தீட்டிய பச்சரிசி தின்றார்கள். தமிழர்கள் ஊரில் தின்ற புழுங்கலரிசியையே அங்கேயும் தின்றார்கள். அந்த நோய்க்கான காரணத்தைக் கண்டறிந்த பாதையில் அது ஒரு முக்கியமான படி. நம் பாட்டிமார் நெல் அவித்த அண்டாவுக்குள் இருந்த அறிவை உலகம் அப்படித்தான் தெரிந்துகொண்டது.

அறந்தாங்கியிலிருந்து ஆவுடையார்கோயில் 14 கிலோமீட்டர். பேருந்தின் இரண்டு பக்கமும் சம்பா. கல்லணைக் கால்வாயின் கடைமடை இந்தப் பக்கம்தான். மேட்டூரில் திறந்த தண்ணீர் இங்கே வந்து சேர்வதற்குள் பல ஊர்களின் தாகம் அதைக் குடித்துவிடும். அதனால் பல ஊர்களில் நாற்றங்கால், நடவு என்று காத்திருப்பதில்லை. காய்ந்த புழுதியிலேயே விதைத்துவிட்டு வானத்தைப் பார்ப்பார்கள். மாவட்டத்தில் வற்றாத ஆறு ஒன்றுகூடக் கிடையாது. வெள்ளாறு, அக்னியாறு, அம்புலியாறு, பாம்பாறு எல்லாமே மழை பெய்தால் ஓடுகிற காட்டாறுகள். ஆயிரக்கணக்கான கண்மாய்களும் ஏந்தல்களும் ஊருணிகளும்தான் இந்த மண்ணின் உயிர். அவை நிறைவது வடகிழக்குப் பருவமழையில். ஐப்பசியில் என்ன சமைப்பது என்பதை இங்கே முதலில் தீர்மானிப்பது கண்மாய். கடைத்தெரு அதற்குப் பிறகுதான்.

கோயிலிலிருந்து மீமிசல் போனால் கடல். பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த கடல் இது. மீமிசல், கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி, கட்டுமாவடி என்று கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி மீன்பிடி ஊர்கள். நான் போனபோது கடல் கொந்தளித்துக் கிடந்தது. புயல் எச்சரிக்கை வந்தால் விசைப்படகுகளுக்கு மீன்வளத் துறை டோக்கன் தராது. படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. ஏலக் கூடத்தில் ஆள் இல்லை. கோட்டைப்பட்டினத்தில் நண்பர் ஒருவரின் வீட்டில் அன்று மதியம் தங்கினேன். அவருடைய உம்மா சட்டியை அடுப்பில் வைத்துக்கொண்டே சொன்னார்: “போட்டு போகலைன்னா என்ன வாப்பா, கருவாடு இருக்கு, முருங்கை இருக்கு. வேற என்ன வேணும்?”

கோடையில் காயவைத்த சூடைக் கருவாடு அது. வெந்நீரில் அலசி, தலையைக் கிள்ளிப் போட்டுவிட்டு, கத்தரிக்காயோடு புளியாணம் வைத்தார். ‘ஆணம்’ என்றால் அவர்கள் வீட்டில் குழம்பு. சின்ன வெங்காயத்தை அரியாமல் தட்டிப் போட்டார். தேங்காய் கொஞ்சமாக, கடைசியில். பக்கத்துச் சட்டியில் முருங்கைக்கீரை. மழைக்காலத்து முருங்கைக்கீரையில் நீர்ச்சத்து அதிகம், ருசி கொஞ்சம் மட்டு. மரத்தில் கம்பளிப்பூச்சியும் ஏறும். அதனால் ஒவ்வொரு காம்பையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து உருவினார். சோற்றில் கருவாட்டு ஆணம் விழுந்ததும் எழுந்த மணத்தில், வெளியே பெய்த மழை மறந்துபோனது.

கடல் அடங்கிய நாளில் அதே வீட்டில் காரப்பொடி வாங்குவார்களாம். கைவிரல் நீளம்கூட வராத மீன். முள் நிறைய, விலை குறைவு. மிளகு, சீரகம், பூண்டு தட்டிப் போட்டுத் தண்ணீராக ஒரு சாறு. பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பால் ஊறக் கொடுப்பது இதைத்தான். வஞ்சிரமும் இறாலும் ஏற்றுமதிக்கும் நகரத்துக்கும் போய்விடும். கரையில் வாழ்கிறவர்களின் உடம்பைத் தேற்றுவது இந்தப் பொடிமீன். இதைப் பற்றி ஒரு ஓட்டல் பட்டியலும் பேசாது.

கட்டுமாவடியிலிருந்து மறுபடி அறந்தாங்கி வந்து கீரமங்கலம் பேருந்தில் ஏறினேன். இங்கிருந்து மண் சிவக்கிறது. தென்னை, வாழை, பலா, பூந்தோட்டம், வெற்றிலைக் கொடிக்கால். கீரமங்கலம், கொத்தமங்கலம், வடகாடு, நெடுவாசல், ஆலங்குடி என்று பச்சைப் பட்டை ஒன்று நீள்கிறது. 2018 நவம்பர் 16, ஐப்பசியின் கடைசியில், கஜா புயல் இந்தப் பட்டையைத்தான் அடித்துப் போட்டது. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்தன. மின்சாரம் பல நாள் இல்லை. தெருத்தெருவாக ஒன்றுகூடி ஒரே அடுப்பில் கஞ்சி காய்ச்சிக் குடித்ததை இன்றும் சொல்கிறார்கள். விழுந்த மரத்தையே விறகாக வைத்து எரித்த அடுப்பு அது. பலா மறுபடி நட்டுக் காய்க்கப் பல வருடம் பிடிக்கும். அந்தக் கன்றுகள் பல இடங்களில் இப்போது வளர்ந்து நிற்கின்றன.

கீரமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். வேறொரு நண்பரின் அப்பத்தா வீடு. எழுபதைத் தாண்டிய மனுஷி. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி எழுத்தறிவு இயக்கம் வந்தபோது புதுக்கோட்டையில் ஆயிரமாயிரம் பெண்கள் சைக்கிள் கற்றார்களே, அவர்களில் ஒருவர். “அதுக்கு முன்னாடி தலைச்சுமைதான் தம்பி. சைக்கிள் வந்தப்புறம் கீரைக்கட்டை கேரியர்ல வச்சுக்கிட்டு வெள்ளன சந்தைக்குப் போயி, பொழுது ஏறுறதுக்குள்ள களைவெட்டுக்கு வந்துருவேன்.” அந்தச் சைக்கிள் இன்னும் திண்ணையோரம் நிற்கிறது. இப்போது பேரன் ஓட்டுகிறான்.

காலையில் மழை விட்டிருந்தது. “கொல்லைக்குப் போயிட்டு வருவமா?” என்றார். இந்தப் பக்கம் கொல்லை என்றால் வயல்காடு. கையில் ஒரு பழைய சேலைத் துண்டு மட்டும். வரப்பில் அவர் நடந்த வேகத்துக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. கண் தரையிலேயே இருந்தது. குனிந்தால் ஒரு கிள்ளு, நிமிர்ந்தால் மடியில். பண்ணைக்கீரை, தொய்யக்கீரை, குமிட்டி, சாரணை. நெல் வயலின் ஈரத்தில் நாலு இதழ் விரித்துக் கிடந்த ஆரை. வேலியில் முடக்கத்தானும் கோவைத்தழையும். யாரும் விதைக்காதவை, யாரும் தண்ணீர் பாய்ச்சாதவை. நுனியை மட்டும் கிள்ளினார். வேரோடு ஒன்றையும் பிடுங்கவில்லை. “நாளைக்கு இன்னொருத்தி வருவாள்ல” என்றார்.

வேலியில் மிதிபாகல் படர்ந்திருந்தது. கட்டைவிரல் அளவுக் காய், முள் முள்ளாக. அதற்குப் பக்கத்தில் அவரைக்கொடி ஊதாவாகப் பூத்து நின்றது. ஆடியில் ஊன்றிய விதை. இவ்வளவு நாளும் கொடி மட்டும்தான் ஓடியது. ஒரு பூ இல்லை. பகல் குறுகி இரவு நீளத் தொடங்கிய பிறகுதான் நாட்டு அவரை பூக்கும். எவ்வளவு எரு போட்டாலும் வெயில் காலத்தில் காய்க்காது. பழைய சம்பா நெல்லும் இப்படித்தான். எப்போது விதைத்தாலும் பொழுது சுருங்கினால்தான் கதிர் தள்ளும். புதிய செடியவரை ரகங்கள் எல்லா மாதமும் காய்க்கின்றன, சந்தைக்கு அவை வேண்டியிருக்கிறது. ஆனால் ஐப்பசி, கார்த்திகை வரை காத்திருந்து வருகிற கொடியவரையின் மணம் அவற்றில் இல்லை. அப்பத்தா ஒரு பிஞ்சை நகத்தால் கீறி என் மூக்குக்கு நேரே நீட்டினார். பச்சை மணம், லேசான கசப்போடு.

அதே கொல்லையின் மேட்டுப் பகுதியில் கடலை பறித்துக்கொண்டிருந்தார்கள். ஆடியில் விதைத்த மானாவாரிக் கடலை. இது அவசர வேலை. கொத்துக்கடலை ரகங்களுக்கு விதைத் தூக்கம் கிடையாது; முற்றிய பிறகு மழை பிடித்துக்கொண்டால் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். முளைத்ததை வியாபாரி எடுக்க மாட்டார். அது வீட்டுக்கு வரும். அப்படி வந்ததுதான் அன்றைய குழம்புக்கு.

சமையல் இப்படி நடந்தது. பாகற்காயை விதையோடு நசுக்கி, உப்பில் பிசறி வைத்தார். பச்சைக்கடலையைத் தோல் உரித்துத் தனியாக வேகவைத்தார். மண்சட்டியில் நல்லெண்ணெய், கடுகு, வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு. பாகற்காயைப் பிழிந்து போட்டு, நிறம் மாறும் வரை பொறுமையாக வதக்கினார். கசப்பைப் போக்க அவர் நம்பியது இந்த வதக்கலைத்தான். மல்லி, மிளகாய், சீரகம் மூன்றையும் அம்மியில் அரைத்தார். புளிக்கரைசல், கொதி, கடலை, இன்னொரு கொதி. இறக்கும்போது நெல்லிக்காய் அளவு வெல்லம். கசப்பு இருந்தது. ஆனால் அது நாக்கில் நிற்காமல், கடலையின் கொழுப்போடு கரைந்து போனது.

கீரையைப் பிரிக்கவே இல்லை. மடியில் இருந்த அத்தனை வகையும் ஒரே சட்டிக்குப் போயிற்று. அரிசி கழுவிய தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றி, நாலு பல் பூண்டு, இரண்டு பச்சை மிளகாய், சீரகம் போட்டு, மூடாமல் வேகவைத்தார். மூடினால் பச்சை நிறம் செத்துவிடும். வெந்ததும் மத்தால் கடைந்தார். தாளிப்பு உண்டா என்று கேட்டேன். “இதுக்கு எதுக்கு?” என்று உப்பை மட்டும் சரிபார்த்தார். வழுவழுப்பான கீரை ஒன்று, புளிப்பு ஒன்று, லேசாகக் கசக்கிற ஒன்று என்று தானாகவே சமன்பட்டிருந்தது. கோயில் படைகல்லில் பார்த்த மூன்றும் அன்று என் இலையில் இருந்தன: புழுங்கல் சோறு, கீரை, பாகற்காய். கூடுதலாகப் பீர்க்கங்காய்த் தோல் துவையல். காயை முதல் நாளே கூட்டு வைத்தாகிவிட்டது. தோலை எறியாமல் வதக்கி, உளுந்தும் மிளகாயும் புளியும் வைத்து அரைத்தது.

மசாலாப் பொடி பாக்கெட் அந்த வீட்டில் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் மொத்தமே ஒரு கரண்டிக்குள். இத்தனை குறைந்த பொருளில் இத்தனை ருசி எங்கிருந்து வருகிறது என்று நான் வழியெல்லாம் யோசித்தேன். எனக்குக் கிடைத்த விடை எளியது. பறித்ததற்கும் வெந்ததற்கும் நடுவே ஒரு மணி நேரம்தான். நகரத்துக் கீரை குறைந்தது ஒரு பகலும் ஓர் இரவும் லாரியிலும் ஈரச் சாக்கிலும் கிடக்கிறது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் நாம் இவ்வளவு எண்ணெயும் மசாலாவும் கொட்டுகிறோம்.

மழை நாளில் உடம்புக்கு வேறு சமையல். கோடையில் நீராகாரமும் பழைய சோறும் இருந்த இடத்தில் ஐப்பசியில் மிளகும் பூண்டும் சுக்கும் வந்து அமர்கின்றன. சளி பிடித்த பிள்ளைக்கு வயல் நண்டு. ஓட்டைக் கழற்றி, அம்மியில் வைத்து நசுக்கி, சாற்றைத் துணியில் வடிகட்டி, மிளகு தட்டிப் போட்டு ரசம் வைக்கிறார்கள். புதுத்தண்ணீர் ஏறும்போது வாய்க்காலில் எதிர்த்து வரும் கெண்டை, குரவை, அயிரை எல்லாம் இந்த மாதத்துக்கானவை. அயிரையை உயிரோடு வாங்கி உப்புப் போட்ட தண்ணீரில் விட்டால் வயிற்றிலுள்ள மண்ணைக் கக்கிவிடும். பிறகு சொரசொரப்பான சட்டியில் கல்லுப்போடு தேய்த்துக் கழுவ வேண்டும். ஊத்தாக் கூடையோடு ஊரே கண்மாயில் இறங்கும் மீன்பிடித் திருவிழா தண்ணீர் வற்றுகிற கோடையில் வருவது. ஐப்பசியில் மீன் பெருகுகிற காலம், அளவோடு பிடிக்கிறார்கள்.

இடியும் மழையும் சேர்ந்த இரவுக்கு மறுநாள், புற்றோரம் காளான் வெடிக்கும். இடி இடித்தால்தான் காளான் என்பது ஊர் நம்பிக்கை. புற்றுக்குள் கறையான்கள் வளர்க்கும் பூஞ்சையின் பூதான் அது. மனிதர் இதுவரை தோட்டத்தில் வளர்க்க முடியாத காளான். அதை அடையாளம் காண்பதில் அப்பத்தா மாதிரியானவர்களின் கண்ணைத்தான் நம்ப வேண்டும். தெரியாதவர்கள் காட்டுக் காளானைத் தொடவே கூடாது. நஞ்சுள்ளவையும் அதே மழையில் அதே இடத்தில் முளைக்கின்றன.

ஆலங்குடி வழியாகப் புதுக்கோட்டை. நகரத்தில் அதிகம் தங்கவில்லை. தொண்டைமான்கள் ஆண்ட காலத்தில் நவராத்திரிக்கு மக்களுக்கு அரிசியும் அம்மன் காசும் கொடுத்த ஊர் இது; 1948 மார்ச் 3இல் இந்தியாவோடு இணைந்தது; 1974இல் தனி மாவட்டமானது. இன்று உலகம் இந்த மாவட்டத்தை வேறொரு சமையலால் அறிகிறது. சின்னவீரமங்கலத்தில் பெரியதம்பி தாத்தாவும் அவருடைய பேரன்களும் 2018இல் தொடங்கிய வில்லேஜ் குக்கிங் சேனல், 2021இல் ஒரு கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. தமிழில் அந்த எண்ணிக்கையை எட்டிய முதல் யூடியூப் சேனல் அதுதான். வயலில் கல் கூட்டி அடுப்பு வைத்து, அம்மியில் மசாலா அரைத்து, கடைசியில் ஊர் முதியவர்களை உட்காரவைத்துப் பரிமாறுகிறார்கள். அண்டா கணக்கில் ஆக்கும் விருந்து அது. நான் தேடிப் போன ஒரு சட்டிக் கீரை வேறு. ஆனாலும் ஒரு குடும்பம் சேர்ந்து சமைப்பதை இத்தனை கோடிப் பேர் கண்கொட்டாமல் பார்க்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த நம்பிக்கை தருகிறது. ஆசை இருக்கிறது. அந்த ஆசையை அடுப்படிக்குக் கொண்டுவர வேண்டும்.

தெற்கே திருமயம் தாண்டினால் செட்டிநாட்டுப் பகுதி. செட்டிநாடு என்றதும் எல்லோரும் காரைக்குடியைச் சொல்கிறார்கள்; அரிமளம், ராயவரம், கடியாபட்டி, பனையப்பட்டி, பொன்னமராவதிப் பக்கத்து ஊர்கள் எல்லாம் புதுக்கோட்டை மாவட்டத்தில்தான் இருக்கின்றன. தெரு முழுக்க நீளும் வீடுகள், பல வீடுகளில் பூட்டு. ராயவரத்தில் ஓர் ஆச்சி தன் வீட்டின் பின்கட்டில் எனக்காக அடுப்பு மூட்டினார். ஓட்டல்கள் செட்டிநாட்டின் பெயரில் விற்கும் எண்ணெய் மிதக்கும் காரக் குழம்பை எதிர்பார்த்து வருகிறவர்களுக்கு அவர் வைத்தது வியப்பாக இருக்கும். மண்டி. வெண்டைக்காய் மண்டி.

அரிசியை முதலில் கழுவிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுத்துக் கழுவியதைக் கெட்டியாக எடுத்து வைத்துக்கொண்டார். அதில்தான் புளியைக் கரைத்தார். வெங்காயம், பூண்டு, கீறிய பச்சை மிளகாய், வெண்டைக்காயை வதக்கி, முதல் நாள் ஊறவைத்து வேகவைத்த மொச்சையைச் சேர்த்து, புளித்தண்ணீரை ஊற்றினார். கொதிக்கக் கொதிக்க அரிசியின் மாவு குழம்பைத் தானே இறுக்கியது. மிளகாய்ப் பொடி கிடையாது, தேங்காய் கிடையாது. “தண்ணிப் பஞ்சம் பார்த்த ஊரு தம்பி. கழுவுன தண்ணியைக்கூடக் கொட்ட மனசு வராது” என்றார் ஆச்சி. வீட்டில் கூடத்துக்கு இத்தாலியச் சலவைக்கல், பர்மாத் தேக்குத் தூண். அடுப்படியில் அரிசி கழுவிய தண்ணீர்கூட வீணாகாது. கடல் கடந்து பொருள் ஈட்டிய குடும்பங்களின் சமையலில் இந்தச் சிக்கனம் இவ்வளவு ருசியாக உட்கார்ந்திருப்பதை அங்கே சாப்பிட்டுப் பார்த்தால்தான் தெரியும்.

அங்கிருந்து வடமேற்கே, அன்னவாசல், இலுப்பூர்ப் பக்கம் நிலம் இன்னும் வறண்டது. சித்தன்னவாசல் குன்றின் மேலிருந்து பார்த்தால் கீழே கண்மாய்கள் நிரம்பிக் கிடந்தன. அங்குள்ள குகை ஓவியத்தில் தாமரைக் குளத்தை வரைந்தவர்களும் இப்படி ஒரு மழைக்காலத்தில்தான் இந்தக் குன்றில் இருந்திருப்பார்கள் என்று தோன்றியது. வழியில் மைல் கணக்கில் தைலமரக் காடு. அந்தத் தோட்டங்களில் மழைநீரைத் தேக்கிவிடுவதால் குளத்துக்கு வரத்து குறைகிறது என்பது இந்த மாவட்டத்து விவசாயிகளின் நெடுநாள் முறையீடு. தைலமரத்தின் அடியில் நான் நடந்து பார்த்த இடங்களில் கீரை இல்லை. உதிர்ந்த இலைகளுக்குக் கீழே வேறொன்றும் தலைகாட்டவில்லை.

இதைவிட என்னை வருத்தியது வேறு. கீரமங்கலத்து அப்பத்தா வரப்பில் நடந்தபோது ஓரிடத்தில் சட்டென்று நின்று, “இதுக்கு மேல வேணாம்” என்று திரும்பிவிட்டார். அடுத்த வயலில் களைக்கொல்லி அடித்திருந்தார்கள். வரப்பு முழுக்கப் புல் பழுத்துக் கிடந்தது. களையெடுக்க ஆள் கிடைப்பதில்லை, கூலி கட்டுபடியாவதில்லை என்பது உண்மை. அடித்தவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் களையெடுப்பு இருந்தவரை, களை பறித்த பெண்கள் மாலையில் மடிநிறையக் கீரையோடு வீடு திரும்பினார்கள். அதற்கு விலை கிடையாது, கணக்கில் வராது, எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரும்புச்சத்து போனது அந்த மடியிலிருந்துதான். களைக்கொல்லி களையை மட்டும் எடுக்கவில்லை. அந்தக் கூலியையும் கீரையையும் சேர்த்தே எடுத்துவிட்டது. ஆரையும் பண்ணைக்கீரையும் எது என்று காட்டிக்கொடுக்கும் கண்கள் இப்போது எழுபது வயதைத் தாண்டியவர்களிடம்தான் இருக்கின்றன. பேத்திமார் அந்த வரப்பில் நடப்பதில்லை.

இந்த மாவட்டத்தில் நிலம் வைத்துக்கொண்டு சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறவர்கள் ஏராளம். அவர்களிடம் ஒரு வேண்டுகோள். குத்தகைக்கு விடும்போது வரப்புக்கும் வேலியோரத்துக்கும் மருந்து அடிக்க வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். விளைச்சல் அதனால் குறைந்துவிடாது. ஊருக்குப் போகும்போது அப்பத்தாவோ அம்மாயியோ இருந்தால், அவர்களோடு ஒரு காலைப்பொழுது கொல்லையைச் சுற்றி வாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். கிள்ளுகிற கீரையின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நிலம் இல்லாதவர்கள் புதுக்கோட்டைச் சந்தைகளில் காலையில் தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருக்கும் கிழவிகளிடம் கலவைக்கீரை கேளுங்கள், பேரம் பேசாமல் வாங்குங்கள். ஐப்பசி முதல் மார்கழித் தொடக்கம் வரை கிடைக்கும். தையில் வெயில் ஏறிவிட்டால் வரப்பு காய்ந்துவிடும்.